பழுதும் பிறவியும்

மான்குர்த்தில் மெக்கானிக் அண்ணாச்சியின் பட்டறையில் ஜாக்கி மேல் நிற்கிறது ஒரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த இரண்டு பேர் கார். குர்லாவில் தயாரான ஃபியட்டைப் பார்த்தே வளர்ந்த பம்பாய்க்கு இது அபூர்வம்தான். அண்ணாச்சிக்கு அப்படியில்லை. இதன் அடித்தளம் ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்து விற்ற அதே ஹெரால்டு.

நேர் ரோட்டில் இடப்பக்கம் இழுக்கிறது, வளைவில் பின்பக்கம் வீசுகிறது என்பது புகார். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் நாலு டயரிலும் காற்று. பிறகு முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுகிறார், பக்கவாட்டில் ஆட்டுகிறார். மேல்கீழ் ஆட்டம் என்றால் பேரிங்கோ, அடியிலுள்ள பித்தளை மூட்டோ. பக்கவாட்டு ஆட்டம் ஸ்டியரிங் சமாச்சாரம். அந்தப் பித்தளை மூட்டுக்கு கியர் ஆயில்தான் விட வேண்டும். கையில் கிரீஸ் கன் இருக்கிறதே என்று கிரீஸ் அடித்தால் மரை காய்ந்து, என்றாவது ஒரு திருப்பத்தில் சக்கரமே மடங்கிவிடும். இந்த வண்டியில் மூட்டு நன்றாகவே இருந்தது. ஓட்டி வந்து நிறுத்தியதும் இடது சக்கரத்தில் மட்டும் கை வைக்க முடியாத சூடு: காலிப்பர் பிஸ்டன் துருவேறிச் சிக்கி, பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. இழுப்புக்குக் காரணம் கிடைத்தது.

வால் வீசுவதுதான் சிக்கல். பின் ஆக்சில் இரண்டு துண்டாக நடுவிலிருந்து ஆடும். வளைவுக்குள் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பாகம் எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி, பிடி விட்டுப்போகும். இங்கிலாந்தில் 1970இல் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கை நடுவில் ஆடும்படி மாற்றி இதைத் தணித்தார்கள். சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1970களில் செய்த கெசல் காருக்கு ஒரே தண்டாக ஆக்சில் போட்டார்கள். அதாவது, வேறு வண்டியே செய்தார்கள்.

உரிமையாளர்களோ இந்த வீச்சை நிறுத்த ஷாக் அப்சார்பர், புஷ், டயர் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதே ஆள்தான் இடப்பக்கம் இழுப்பதைப் 'பழைய வண்டி, அப்படித்தான்' என்று பொறுத்துக்கொண்டு ஓட்டுவார். வண்டியில் மட்டுமா? வீட்டு மனிதர்களிடமும் இதைத்தான் செய்கிறோம். பிறவிக் குணத்தை மாற்ற மல்லுக்கு நிற்கிறோம்; நேற்று வந்த நோவை 'அவர் சுபாவம்' என்று விட்டுவிடுகிறோம்.

அண்ணாச்சியின் சோதனை எளிது. இடது வளைவு, வலது வளைவு, ஒரே வேகம். ஒரு பக்கம் மட்டும் வீசினால் பழுது, தேடலாம். இரு பக்கமும் ஒரே மாதிரி வீசினால் பிறவி. இது இரு பக்கமும் வீசியது.

"பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே போட்டுருங்க சார். உள்ளே போன பிறகு காலை எடுக்காதீங்க."