இரவல் நூலும் உடைமை என்னும் கேள்வியும்

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இல்லாத நூலை வேறொரு நூலகத்திலிருந்து தருவித்து வாசகரிடம் கொடுக்கும் ஏற்பாடு, நூலகங்களுக்கிடையிலான இரவல் எனப்படுகிறது. வாசகர் படிவத்தை நிரப்பித் தருகிறார். நூல் எங்கே இருக்கிறது என்று நூலகர் கூட்டுப் பட்டியலில் தேடிக் கோரிக்கை அனுப்புகிறார். சில நாளிலோ சில வாரத்திலோ நூல் வந்து சேர்கிறது. நடைமுறை எளிது, அதற்குள் இருக்கும் அறக் கேள்வி எளிதன்று. தன் பணத்தில் வாங்கித் தன் அலமாரியில் காத்துவந்த நூலை, தன்னிடம் படிக்காத, தனக்குக் கட்டணம் கட்டாத, முகமும் தெரியாத ஒருவருக்காக ஒரு நூலகம் ஏன் வெளியே அனுப்ப வேண்டும்? அது கருணையா, கடமையா?

இரவலின் இயல்பை ரோமானியச் சட்ட அறிஞர்கள் தெளிவாக வகுத்திருந்தார்கள். தானியத்தைக் கடனாகப் பெற்றவர் அதை உண்டுவிட்டு, அதே அளவு வேறு தானியத்தைத் திருப்பித் தரலாம். குதிரையை இரவல் பெற்றவரோ அந்தக் குதிரையையேதான் திருப்பித் தர வேண்டும். உடைமை கொடுத்தவரிடமே நிற்கும்; பயன் மட்டும் கைமாறும். இதற்குக் கூலி வாங்கினால் அது வாடகையாகிவிடும். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் வட்டியைக் கண்டித்தபோதும், பயன்படுத்தினால் தீர்ந்துபோகும் பொருள், தீராத பொருள் என்ற இந்தப் பாகுபாட்டின் மீதே வாதத்தைக் கட்டினார்.

நூல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆனால் குதிரைக்கு இல்லாத ஓர் இரட்டைத்தன்மை நூலுக்கு உண்டு. கற்றது பிறருக்குக் கொடுத்தால் குறையாது என்பது நாலடியார் காலத்திலிருந்தே தமிழில் வேரூன்றிய கருத்து. நூலிலிருந்து வாசகர் எடுத்துக்கொள்வதும் அப்படித்தான். ஆயிரம் பேர் படித்தாலும் அதில் ஒரு சொல்லும் குறைவதில்லை. அந்தச் சொற்களைத் தாங்கும் தாளோ கிழியும், நனையும், தொலையும். குறையாத ஒன்று குறையக்கூடிய ஒன்றின்மேல் ஏறி வருகிறது. முதலாவதை நினைத்தால் மறுக்க நியாயமே இல்லை. இரண்டாவதை நினைத்தால் தயங்காமல் இருக்க முடிவதில்லை. நூல் இரவல் குறித்த விதிகள் அனைத்தும் இந்த இரண்டுக்கும் நடுவே வழி காணும் முயற்சிகள்.

இடைக்கால ஐரோப்பிய மடங்களில் இந்த இழுபறி வெளிப்படையாகவே இருந்தது. கன்றின் தோலையும் ஆட்டுத் தோலையும் பதப்படுத்தி, மாதக் கணக்கில் கையால் எழுதிய நூல் பெருஞ்செல்வம். திருடுபவருக்குச் சாபம் அதன் ஏட்டிலேயே எழுதப்பட்டது. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு பேராலயத்தில் சங்கிலியால் பிணைத்த நூல்களை இன்றும் காணலாம். சில மடங்கள், தங்கள் நூல்களை எவருக்கும் இரவல் தருவதில்லை என்று துறவிகளிடம் சத்தியமே வாங்கியிருந்தன. 1212இல் பாரிஸில் கூடிய திருச்சபை மன்றம் அந்தச் சத்தியத்தைத் தடை செய்தது. இரவல் தருவது இரக்கச் செயல்களில் தலையாய ஒன்று என்பது அது சொன்ன காரணம். பசித்தவருக்கு உணவு இடுவதும் நோயாளியைப் பார்ப்பதும் எந்த வரிசையில் இருந்தனவோ, அந்த வரிசையில் நூலை இரவல் தருவதும் வைக்கப்பட்டது.

அந்த மன்றம் அத்தோடு நிற்காததுதான் அதன் பெருமை. சில நூல்கள் மடத்தாரின் தேவைக்காக உள்ளேயே இருக்கட்டும்; மற்றவற்றை, மடத்துக்கு இழப்பு நேராதபடி, தலைவர் ஆராய்ந்து தேவைப்படுவோருக்குத் தரட்டும் என்று வழியும் காட்டியது. இன்றைய பல்கலைக்கழக நூலகத்தின் இரவல் கொள்கையும் சாரத்தில் இதுவே. அகராதிகளும் அரிய பதிப்புகளும் வெளியே போவதில்லை, மற்றவை போகலாம். டர்ஹம் ஆயர் ரிச்சர்ட் டி பரி 1345இல் முடித்த ‘ஃபிலோபிப்லான்’ நூலில், ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களுக்கு நூல் இரவல் தர விதி வகுத்தார். இரண்டு படிகள் இருந்தால் மட்டுமே வெளியாருக்கு ஒன்றைத் தரலாம். அதற்கும் நூலின் மதிப்பை விஞ்சும் பொருளை ஈடாக வாங்க வேண்டும். ஈடு கேட்பது நம்பிக்கையின்மை போலத் தோன்றலாம். அந்நியருக்கும் கொடுப்பது என்று துணிந்த பிறகே ஈடு பற்றிய பேச்சு எழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொடுக்க மனமில்லாதவர் விதி வகுப்பதில்லை, கதவைச் சாத்திவிடுகிறார்.

நவீன முறை இந்த ஈட்டின் இடத்தில் ஒரு நிறுவனத்தின் சொல்லை வைத்தது. அமெரிக்காவின் உஸ்டர் நகர நூலகர் சாமுவேல் கிரீன், நூலகங்கள் ஒன்றுக்கொன்று குறுகிய காலத்துக்கு நூல் தந்து உதவலாம் என்று 1876இல் எழுதினார். அமெரிக்க நூலகச் சங்கம் 1917இல் இதற்கு நெறிமுறை வகுத்தது. அதில் நிலைபெற்ற விதி ஒன்று கவனிக்கத்தக்கது: கொடுத்த நூலகத்தை விட்டு நூல் கிளம்பிய நொடி முதல் அது திரும்பிச் சேரும் வரை, கேட்ட நூலகமே பொறுப்பு. வழியில் அஞ்சலில் தொலைந்தாலும் கேட்டவரே ஈடுசெய்ய வேண்டும்.

வந்து சேரும் நூலின் முன்னட்டையில் பெரும்பாலும் ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும். எந்த நூலகத்துக்கு உரியது, என்றைக்குள் திருப்ப வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகலாமா, வாசிப்பறையிலேயே படிக்க வேண்டுமா என்பவை அதில் இருக்கும். கெடுவை நிர்ணயிப்பது கொடுத்த நூலகம், அதைக் காப்பது கேட்ட நூலகம், படிப்பது மூன்றாமவர். கொடுத்தவர் வாசகரை நம்புவதில்லை. வாசகரை நம்பும் நூலகத்தை நம்புகிறார். தாமதமாகத் திருப்பும் ஒரு மாணவர் கெடுப்பது தன் பெயரை மட்டும் அன்று; அடுத்து கேட்கப்போகும் சக மாணவருக்காக நூலகம் சேர்த்துவைத்த நாணயத்தையும்தான்.

சிறு கல்லூரிகள் கேட்பது அதிகம், கொடுப்பது குறைவு; பெரிய பல்கலைக்கழகங்களில் இது தலைகீழ். கணக்குப் பார்த்தால் இது நேரான பரிமாற்றம் அன்று. பெரிய நூலகம் இழப்பதாகச் சொல்வதும் சரியன்று. தமிழ்நாட்டில் இதற்கு அடித்தளமிட்ட சிந்தனை ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், நூல்கள் பயன்பாட்டுக்கே என்றும், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்றும் வகுத்தார். மூன்றாவதை நேர்மையாகப் பின்பற்றினால், நூலுக்குரிய வாசகர் வேறு ஊரில் இருந்தால் நூல் அங்கே போயாக வேண்டும். கேட்பாரற்று அலமாரியில் கிடக்கும் நூலுக்கு, எங்கிருந்தோ வரும் கோரிக்கை அதன் இருப்புக்கே பொருள் தருகிறது. ஆகவே தலைப்பில் உள்ள கேள்விக்கு ஏற்ற விடை, நூலகம் தன் நூலுக்கு உரிமையாளர் என்பதைவிட அறங்காவலர் என்பதே. கருணை என்றால் மறுக்கும் சுதந்திரம் உண்டு. அறங்காவலர் மறுக்கக் காரணம் சொல்லியாக வேண்டும்.

நூலக வலைப்பின்னல்கள் வருவதற்கு முன் இந்த அறம் தனிமனிதர்களின் தோளில் இருந்தது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது, மடங்களும் வீடுகளும் தந்த ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் சாத்தியமாயிற்று. ஒரு படியில் சிதைந்த பாடத்தை மற்றொரு படியைக் கொண்டே மீட்க முடியும். தராமல் பூட்டிவைத்திருந்தால் ஒவ்வொரு வீட்டுச் சுவடியும் தனித்தனியே செல்லரித்துப் போயிருக்கும்.

இரவல் பெற்றதைப் படியெடுக்கலாமா என்பது இதன் கிளைக் கேள்வி. 6ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில், துறவி ஃபின்னியனின் விவிலியச் சங்கீதச் சுவடியைப் புனித கொலும்பா அனுமதியின்றிப் படியெடுத்ததாகவும், பசுவுக்குக் கன்று உரியதுபோல மூலத்துக்குப் படி உரியது என்று மன்னர் தீர்ப்பளித்ததாகவும் மரபுக் கதை சொல்கிறது. அமெரிக்காவில் 1970களின் இறுதியில் ஏற்கப்பட்ட வழிகாட்டுதல், ஓர் இதழின் கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகளில் ஐந்தின் படிகளையே ஒரு நூலகம் ஆண்டுக்குப் பிறரிடமிருந்து பெறலாம் என்று வரம்பிட்டது. வேண்டிய ஒரு கட்டுரையைப் பெறுவது இரவல். சந்தா கட்டாமல் இதழையே பெறுவது எழுதியவருக்கும் வெளியிட்டவருக்கும் செய்யும் அநீதி என்ற எண்ணம் இதில் இருக்கிறது. எண்கள் ஏதோ ஓரிடத்தில் போட்ட கோடுதான். கோடு வேண்டும் என்பது நியாயமே.

மின்னூல் வந்தபின் கேள்வி அடித்தளத்துக்கே போய்விட்டது. விற்ற நூலின் மறுவிற்பனையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் தீர்ப்பளித்தது. அச்சு நூலை இரவல் தரும் உரிமை, இப்படி வாங்கியவரின் உடைமையில் நிற்கிறது. மின்னூலை நூலகம் பெரும்பாலும் வாங்குவதில்லை. உரிம ஒப்பந்தத்தின்கீழ் அணுகுகிறது. ஒப்பந்தம் அனுமதிக்காவிட்டால் இன்னொரு நூலகத்துக்குத் தர முடியாது. உடைமை கைக்கு வராத இந்த நிலை அறங்காவலரின் கையைக் கட்டுகிறது. தம்மிடமுள்ள அச்சுப் படியை வருடி, ஒரு படிக்கு ஒரு வாசகர் என்ற கணக்கில் மின்வழியே இரவல் தந்த இன்டர்நெட் ஆர்கைவ் நிறுவனத்துக்கு எதிராகவே 2023இலும், மேல்முறையீட்டில் 2024இலும் அமெரிக்க நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. பதிப்பாளரின் வருவாய்க் கவலை பொய்யன்று. ஆனால் எந்த நூலகமும் பிறருக்குத் தர முடியாத நூல், வசதியுள்ள பல்கலைக்கழகத்தின் மாணவருக்கு மட்டுமே நூலாக இருக்கும். இதனால்தான் சந்தா ஒப்பந்தம் எழுதும்போதே பிற நூலகங்களுக்குக் கட்டுரைப் படி அனுப்பும் உரிமையைத் தனிப் பிரிவாகச் சேர்க்குமாறு நூலகர்கள் பேரம் பேசுகிறார்கள். முழு மின்னூலுக்கும் அதே உரிமையைப் பெறுவதே இப்போது அவர்கள் முன்னுள்ள கடினமான வேலை.