பூட்டும் புலனடக்கமும்

2020 மார்ச்சில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மன்னார்த் தீவிலும் கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. பாடம் முடிந்தபின் அதனை மூடுபவர் யார்? இரவிற் கடலுக்குச் செல்லும் தந்தைக்கு, 2017இல் கூகிள் வெளியிட்ட ‘ஃபமிலி லிங்க்’ போன்ற செயலி துணையாகலாம். குறித்த நேரத்தில் அது திரையைப் பூட்டிவிடும்.

ஆயின், பூட்டப்பட்ட பிள்ளை அடக்கமுடைய பிள்ளையாகுமா? அடக்கமென்பது மீறக்கூடிய இடத்தில் மீறாதிருத்தல். பூட்டோ அவ்வாய்ப்பையே நீக்கிவிடுகிறது. அதனாற் பூட்டே வேண்டாமென்று கொள்ளுதலும் தகாது. மன்னார் வீதிகளிலே திரியும் கழுதைகளுக்கஞ்சி இளங்கன்றுக்கு வேலியிடுகிறோம். வேலி கன்றை வளர்ப்பதில்லை. வளர்வதற்குக் காலம் தருகிறது. மரமானபின் வேலி அகலவேண்டும்.

காரணங்கூறிப் பூட்டி, வயதுக்கேற்பத் தளர்த்திச் செல்லும் பெற்றோரே வேலியின் பயனை உணர்ந்தவராவர். அவ்வேளையில் தம் கையிலுள்ள திரையையும் அவர்கள் கீழே வைப்பாராயின், பூட்டுக்கு வேலை குறையும்.