எதற்கு நல்ல தண்ணீர்?

ஏரியூர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் "இந்தத் தண்ணி நல்லா இருக்குமா?" என்று கேட்டால் "எதுக்கு?" என்றுதான் திருப்பிக் கேட்பாள். குடிக்கவா, பருப்பு வேகவைக்கவா, தலைக்கு ஊற்றவா, மாட்டுக்குக் காட்டவா என்று தெரியாமல் அவளால் பதில் சொல்ல முடியாது. பாத்திரம் கழுவ ஆகும் தண்ணீரில் பருப்பு வேகாது. பருப்பு வெந்துவிட்டது என்பதற்காக அதைக் குழந்தைக்குக் கொடுத்துவிடவும் முடியாது.

தண்ணீர்ச் சட்டங்களும் இந்த 'எதுக்கு'வின் மேல்தான் நிற்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ஏ முதல் இ வரை ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தக்கது முதல் வகுப்பு. குளிக்க, சுத்திகரித்துக் குடிக்க, மீனும் காட்டுயிரும் வாழ என்று இறங்கிக்கொண்டே போய், பாசனமும் தொழிற்சாலைக் குளிர்விப்பும் கடைசி வகுப்பில் நிற்கின்றன. பயன் முடிவாகிவிட்டால் அளவுகள் பின்னாலேயே வந்துவிடும். எவ்வளவு ஆர்சனிக், எவ்வளவு ஃப்ளோரைடு என்று ஆய்வகம் அளந்து சொல்லும். ஆனால் இந்த ஆறு எதற்காக ஓடுகிறது என்று எந்த ஆய்வகமும் சொல்லாது. அதை ஆட்கள்தான் முடிவு செய்கிறார்கள். எந்த ஆட்கள் என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்தில் 401 என்றொரு பிரிவு உண்டு. அணையோ குழாய்ப்பாதையோ, நீர்நிலையில் கழிவு கலக்கக்கூடிய எந்த வேலைக்கும் மத்திய அரசு அனுமதி தரும் முன், அந்த இடத்து மாநில அரசு தண்ணீரின் தரத்துக்குச் சான்றளிக்க வேண்டும். மாநிலம் மறுத்துவிட்டால் மத்திய அனுமதி கிடையாது. 1987இல் செய்த திருத்தம், தகுதி பெற்ற பழங்குடி அரசுகளையும் மாநிலங்களுக்கு இணையாக நடத்தலாம் என்றது. அதைப் பயன்படுத்தி 1992இல் நீர்த்தர விதிகளுக்கு ஒப்புதல் பெற்ற முதல் பழங்குடிச் சமூகம், நியூ மெக்சிகோவின் இஸ்லெட்டா புவெப்லோ. ரியோ கிராண்டே ஆற்றில் ஆல்புகர்க்கி நகரத்துக்குக் கீழே இருக்கும் ஊர். நகரத்தின் கழிவுநீர் இவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த முயற்சியை முன்னெடுத்தவர் வெர்னா வில்லியம்சன், அந்த ஊரின் முதல் பெண் ஆளுநர்.

அவர்கள் எழுதிய விதிகளில் எனக்குப் பிடித்தது ஒரு சொல்தான்: சடங்குப் பயன்பாடு. எங்கள் ஆள்கள் இந்த ஆற்றில் முழுகுவார்கள், வாயில் கொள்வார்கள், ஆகவே அதற்கேற்ற தரம் வேண்டும் என்றார்கள். ஆர்சனிக் அளவு மாநில அளவைவிடக் கடுமையாக அமைந்தது. நகரம் வழக்குப் போட்டது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழங்குடிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் நகரத்தின் மனுவை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. 'எதுக்கு' என்பதை ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர் சொன்னது. மேலே இருந்த நகரம் தன் சாக்கடையைச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

நம் பக்கத்தில் இதே கேள்வி பிளாச்சிமடையில் எழுந்தது. தமிழக எல்லையை ஒட்டிய, பாலக்காடு மாவட்டத்துப் பழங்குடிக் குடியிருப்பு. 2000இல் கொக்கோகோலா ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீரில் வடித்த சோறு சீக்கிரம் கெடுகிறது, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்று முதலில் சொன்னவர்கள் பெண்கள். எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அவர்களில் ஒருவர். 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு பெருமாட்டி பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2005இல் கேரள உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, நிபுணர் அறிக்கையை வைத்து, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. பெண்கள் கேட்டது 'எதுக்கு'; நீதிமன்றம் பதில் சொன்னதோ 'எவ்வளவு' என்பதற்கு. 2004இல் நின்ற ஆலை பிறகு முழுமையாக இயங்கவேயில்லை என்பதும், 2017இல் இனித் திறப்பதில்லை என்று நிறுவனமே உச்ச நீதிமன்றத்தில் சொன்னதும் போராட்டத்தின் வலிமை. சட்டம் அந்தப் பெண்களுக்கு மறுக்கும் உரிமையைத் தரவில்லை. மயிலம்மா 2007இல் இறந்துபோனார்.

பெண்ணின் நாக்கே ஆய்வகம் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் தர்மபுரி மாவட்டம் அப்படிச் சொல்ல விடாது. ஃப்ளோரைடுக்கு ருசியில்லை, வாசனையில்லை. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் காரையாகத் தெரியும்வரை யாருக்கும் அது தெரியாது. பெண் பார்க்க வருகிறவர்கள் அந்தப் பல்லைத்தான் முதலில் பார்ப்பார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த எண் இல்லாமல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்திருக்காது. எண் வேண்டும்.

இன்னொரு தயக்கம் இதைவிடப் பெரியது. தண்ணீரைப் பற்றி ஊரே முடிவு செய்யட்டும் என்று நம் நாட்டில் எழுதுவது எளிதில்லை. 1927இல் மகாட்டில் அம்பேத்கரும் தோழர்களும் சவதார் குளத்துத் தண்ணீரைக் குடித்த பிறகு, ஊர்க்காரர்கள் பஞ்சகவ்வியத்தை 108 பானைகளில் நிரப்பிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். அதுவும் ஓர் ஊர் கொடுத்த தரச்சான்றிதழ்தான். சோதனைக்கு உள்ளானது தொட்ட கை; தண்ணீரை எவரும் சோதிக்கவில்லை. மாதவிலக்கான பெண்ணைக் கிணற்றடிக்கு விடாத ஊரும் இதே அதிகாரத்தைத்தான் செலுத்துகிறது. இஸ்லெட்டா கேட்டது வேறு: மேலே இருப்பவன் எதைக் கொட்டலாம் என்று. தாகத்தோடு வருகிறவரை மறுப்பதையும் கழிவோடு வருகிறவரை மறுப்பதையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. ஒரு ஊருக்கு நீரின் மேல் அதிகாரம் வேண்டும் என்று நான் கேட்பதெல்லாம் இரண்டாவதற்கு மட்டுமே.

இப்போது ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து நீர்ப் பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சியும் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அவர்கள் கண்டதை வைத்து ஒரு ஆலைக்கான இசைவாணையை நிறுத்த முடியாது. அதைத் தருவது 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி அமைந்த மாநில வாரியம். அதில் அரசு நிறுவனங்களுக்கு இரண்டு இடங்கள் உண்டு. பழங்குடிகளுக்கென்றோ பெண்களுக்கென்றோ ஓர் இடமும் சொல்லப்படவில்லை. சான்று என்றால் தமிழில் சாட்சியும்தான். சாட்சியைப் பெண்களிடம் வாங்கிக்கொண்டு, சான்றிதழை வேறிடத்தில் எழுதுகிறார்கள்.

ஒரு வழி மட்டும் சட்டத்தில் திறந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் நீர் ஆதாரங்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்குத் தருகிறது. சபைக்கு வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு விதி. 2013இல் ஒடிசாவின் நியமகிரியில் 12 கிராமசபைகள் கூடி, 12ம் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. தமிழ்நாட்டில் 2008 முதல் 2016 வரை நீதிமன்ற ஆணையால் இந்தச் சட்டம் முடங்கிக் கிடந்தது. இப்போது தடையில்லை. சித்தேரி மலையில் ஒரு சபை கூடி, இந்த ஓடை எதற்கு என்று எழுதிவைக்கலாம். பெண்கள் சொல்லச் சொல்ல எழுதினால் பட்டியல் நீளும்: குடிக்க, கன்றுக்குக் காட்ட, வரகு களைய, பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்ட.