யாமிருக்க பயமேன்?

முருகா சரணம் 🙏

நம்மில் பலர் வீட்டு முருகன் படத்துக்குக் கீழே "யாமிருக்க பயமேன்"னு எழுதியிருக்கும். கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. "உனக்கு எதுவும் நடக்காது"ன்னு அதில் இல்லை. "நான் இருக்கேன்"னு மட்டும்தான் இருக்கு.

போன வருஷம் அப்பாவுக்கு பைபாஸ். வெளியே உட்கார்ந்து சஷ்டி கவசம் சொல்லிட்டு இருந்தேன். பக்கத்தில் ஒரு அக்காவும் அதையேதான் சொன்னாங்க. அப்பா நல்லபடியா வந்துட்டார். அவங்க வீட்டுக்காரர் வரலை. அப்போ அவங்க பக்தி குறைவா? அப்படி நினைக்க எனக்கு மனசு வரலை. "முருகா"ன்னு சொல்லி அழுதுகிட்டேதான் அவங்க எழுந்து, பிள்ளைகளுக்குப் போன் போட்டாங்க.

தேவராய சுவாமிகள் கண், காது, கழுத்துன்னு ஒவ்வொரு உறுப்பா சொல்லிக் காக்கச் சொல்கிறார். கவசம் போருக்குப் போகிறவன் போடுவது. அடி விழலாம்னு தெரிஞ்சுதான் போடுகிறான். ஹெல்மெட்டுக்கும் தமிழில் தலைக்கவசம்தானே! அதைப் போட்டாலும் வண்டியை நாம்தான் பார்த்து ஓட்டணும்.

அதனால் அடுத்த முறை பயம் வரும்போது, "எதுவும் ஆகக்கூடாது"ன்னு கேளுங்க, தப்பில்லை. கூடவே, "என்ன ஆனாலும் என் பக்கத்தில் இரு முருகா"ன்னும் கேளுங்க. அந்த அக்காவுக்காகவும் ஒரு முறை வேண்டிக்கோங்க.

வேலும் மயிலும் துணை 🦚