புலனாய்வு இதழியலில் சான்றுரையின் அறம்

முன்னுரை

மாந்தர் அறிந்தவற்றுள் பெரும்பகுதி பிறர் சொல்லக் கேட்டு அறிந்ததேயாகும். இந்திய அளவை மரபுகள் பல, காட்சி, கருதல் ஆகியவற்றோடு உரையையும் அளவையாக ஏற்றமைக்கு இதுவே அடிப்படை. பொருளை உள்ளவாறு அறிந்து, அறிந்தவாறே உரைக்க விரும்பும் ஆப்தனின் சொல்லே உரை அளவையாகும் என்பது நியாய மரபின் கொள்கை. நாளிதழ் படிப்போரும் உரை அளவையையே சார்ந்துள்ளனர். ஆனால் புலனாய்வுச் செய்திகளில் உரைத்தவர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. பெயர் அறியாதவர் சொல்லை நம்புமாறு வாசகரைக் கேட்பது எந்நிலையில் அறமாகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மறைப்பின் தேவை

அதிகார அமைப்புகளின் தவறுகளை அறிந்தோர் பெரும்பாலும் அவற்றின் உள்ளே பணிபுரிவோரே. பெயர் வெளிப்படின் அவர்தம் பணியும், சில வேளைகளில் உயிரும் இடருக்கு உள்ளாகும். இதனைக் கருதியே, செய்தி மூலத்தை வெளியிடுமாறு இதழாளரை வற்புறுத்தலாகாது என 1978ஆம் ஆண்டின் பத்திரிகை மன்றச் சட்டம் 15ஆம் பிரிவில் கூறுகிறது. இப்பாதுகாப்பு மன்றத்தின் விசாரணைக்கு மட்டுமே உரியது; நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் மறைப்பு உரைத்தவரைக் காக்கவே அளிக்கப்படுகிறது; அதனால் அவர் உரை மெய்யாகிவிடாது. உரைத்தவரை வாசகர் ஆராய இயலாதபோது, ஆராயும் பொறுப்பு முழுவதும் இதழாளரைச் சேர்கிறது.

மூவர் சொல்

இப்பொறுப்பின் இயல்பைத் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் விளக்குகிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஆராய வேண்டும் என்கிறது 588ஆம் குறள். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்திருப்பின் அதனைத் தெளியலாம் என்கிறது அடுத்த குறள். மூவர் சொல் ஒத்தவழி நம்பலாம் என அர்த்தசாஸ்திரமும் கூறும். குறள் இங்கு எண்ணிக்கையோடு நில்லாமல், ஒருவரையொருவர் அறியாமை என்னும் நிபந்தனையையும் விதிப்பது கருதத்தக்கது.

இந்நிபந்தனை தவறியதன் விளைவை ஈராக் போர் காட்டுகிறது. 2003 இல் போர் தொடங்குவதற்கு முன், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்னும் கருத்தை வலுப்படுத்தும் செய்திகளை ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளியிட்டது. புலம்பெயர்ந்த ஈராக்கியர் கூறியவற்றை, போரை விரும்பிய அமெரிக்க அதிகாரிகள் பல வேளைகளில் ஆர்வத்துடன் உறுதிசெய்தனர் என 2004 மே மாதம் அவ்விதழே ஒப்புக்கொண்டது. சான்று இரண்டாகத் தோன்றினும் இரண்டாவது முதலாவதைச் சாராது நிற்கவில்லை. அத்தகைய ஆயுதங்கள் கண்டெடுக்கப்படவில்லை. முதற்பக்கத்திலும் இடம்பெற்றிருந்த செய்திகளுக்கான அக்குறிப்பு உட்பக்கத்திலேயே வெளியாயிற்று. பொய் உரைக்கு ஆட்பட்ட அரசன் தன் நாட்டிற்குக் கேடு தேடுவான். அதற்கு ஆட்பட்ட இதழோ தனக்குத் தொடர்பில்லாத மக்களின் கேட்டிற்கும் துணையாகிவிடுகிறது.

ஆவணமும் வதந்தியும்

போபர்ஸ் பீரங்கிப் பேரத்தில் தரகுப் பணம் கைமாறியதாக 1987 ஏப்ரலில் சுவீடன் வானொலி அறிவித்தது. 1988 முதல் சித்ரா சுப்பிரமணியம், என். ராம் ஆகியோர் ‘தி இந்து’வில் ஆவணங்களை வெளியிட்டனர். உரைத்தவரை அறியாத வாசகர் ஆவணங்களைத் தாமே கண்டு ஆராய முடிந்தது. அவற்றை அளித்தவர் சுவீடனில் விசாரணையை நடத்திய காவல்துறை அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் என்பது 2012 இல்தான் வெளிப்பட்டது. ராஜீவ் காந்தி கையூட்டுப் பெற்றார் என்பதற்குச் சான்றில்லை என்றும், நடிகர் அமிதாப் பச்சனின் பெயரை இந்தியப் புலனாய்வாளர்களே சுவீடன் இதழொன்றில் வரச்செய்தனர் என்றும் அவர் அப்போது கூறினார். ஒரே வழக்கில் ஆவணத்தோடு வந்த உரை நிலைத்தது. ஆவணமின்றிக் கசிந்த பெயரோ ஒருவர்மீது நெடுங்காலம் பழியாய்த் தங்கியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இதழாளரின் கடமைகள் மூன்று எனலாம். உரைத்தவர் அப்பொருளை எவ்வாறு அறிந்தார் என ஆராய்தல். சான்றுகள் ஒன்றையொன்று சாராதவையா எனத் தெளிதல். அவ்வுரையால் உரைப்பவர் அடையும் பயன் யாது எனக் காணுதல். இம்மூன்றின் முடிவையும் பெயரை வெளியிடாமலே வாசகருக்கு உணர்த்த இயலும். அவ்வாறு உணர்த்தாத செய்தி உரை அளவையாகாது. அது பொய்க்குமாயின், அச்செய்தி வந்த இடத்திலேயே திருத்தமும் வருதல் வேண்டும்.