பிரித்த பிறகு தெரியும் விலை

வாங்கிய விலையைக் காட்டிலும் பன்மடங்கு செலவிட்டு ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் இஞ்சினைப் புதுப்பிப்பவரை விவேகி என்பதா, வீண்விரயம் செய்பவர் என்பதா? கடலூர் முதுநகரிலும் திருப்பாப்புலியூரிலும் சிதம்பரத்திலும் உள்ள பட்டறைகளில் இக்கேள்வி வேடிக்கையாகவே கேட்கப்படுகிறது. வேடிக்கையாகக் கேட்கப்படுவதாலேயே ஒரு கேள்வி சிறியதாகிவிடாது. உழைப்பின் கூலியைப் பற்றியும், நம்பி ஒப்படைக்கப்படும் அமானிதத்தைப் பற்றியும் நம் மார்க்க அறிஞர்கள் நூற்றாண்டுகளாக வாதிட்டவை யாவும் அந்தப் பட்டறை வாசலில் வந்து நிற்பதை நாம் காண்கிறோம்.

காற்றால் குளிரும் இஞ்சின் கொண்ட பழைய வண்டிகளையே இங்கே குறிப்பிடுகிறோம். தண்ணீரும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காய் அமைந்த தகடுகளின் மீது எதிர்காற்று மோதிச் சூட்டைத் தணிக்கும். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனத்துடன் சேர்ந்து 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட்டை உருவாக்கியது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னரும் சென்னையில் அவ்வண்டி பிறந்துகொண்டேயிருந்தது. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அந்தப் பழைய இஞ்சின் 2010 வாக்கில்தான் விடைபெற்றது. மைசூரில் 1961 முதல் 1996 வரை ஜாவாவும் எஸ்டியும் உருவாயின. விரைவை விரும்பிய இளைஞர்களுக்காக எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஜப்பானிய யமஹாவின் வடிவமைப்பில் 1983இல் ராஜ்தூத் 350ஐ வெளியிட்டது. 1985இல் ஆர்எக்ஸ் 100 வந்தது. பின்னது வெறும் 98 கன சென்டிமீட்டர் இஞ்சின். ஆயினும் அதன் பாய்ச்சலை அக்காலத்து அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் எவரிடமும் கேட்டறியலாம். 1996இல் அதன் உற்பத்தியும் நின்றது.

உற்பத்தி நின்றதே ஒழிய, தேய்மானம் நிற்கவில்லை. ஆர்எக்ஸ் 100இன் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடி ஓடி அது தேயும்போது, லேத் பட்டறையில் கொடுத்துப் போர் செய்து, சற்றே பெரிய பிஸ்டனைப் பொருத்துவார்கள். கால் மில்லிமீட்டர், அரை, முக்கால், ஒன்று என்று அது படிப்படியாய்ப் பெருகும். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் தன் உடலில் ஒரு பகுதியை இழக்கிறது. கடைசிப் படியைத் தாண்டிவிட்டால் உள்ளே புதிய ஸ்லீவ் இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விடவேண்டிய இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே. குறைத்து வைத்தால் சூட்டில் விரிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூட்டி வைத்தால் கடகடவென்று தட்டும். கிராங்க் வேலை இன்னும் நுட்பமானது. இரண்டு பாதிகளை ஒரு பின்னின் மீது அழுத்திச் சேர்த்த தண்டு அது. கனெக்டிங் ராடை மாற்ற வேண்டுமாயின் அவற்றைப் பிரித்து, மீண்டும் அழுத்தி, கோணாமல் நேராக்க வேண்டும். அதனைக் கண்ணாலும் கையாலும் அறிந்தவர்கள் இப்பகுதியில் வயது முதிர்ந்துவிட்டார்கள்.

நம் மாவட்டத்திற்கென்று தனியான துன்பமும் ஒன்றுண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரை ஒட்டிக் கரையைக் கடந்தது. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெருவெள்ளம் ஊர்களை மூழ்கடித்தது. நீரில் கிடந்த வண்டியை உடனே உதைத்து இயக்க முற்படுவது பேதைமை. சிலிண்டருக்குள் புகுந்த நீரை பிஸ்டனால் அழுத்த இயலாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி இயக்காமல் விட்டாலும், பேரிங்கில் தங்கிய ஈரம் சில நாட்களிலேயே துருவாகிறது. கடற்காற்றின் உப்பு அதற்குத் துணை. வெளியே பளபளப்பாய் நிற்கும் எத்தனையோ வண்டிகளின் வயிற்றில் அந்த வெள்ளத்தின் எச்சம் இன்னும் இருக்கிறது.

இங்கேதான் முதற்சிக்கல் பிறக்கிறது. கூலி ஒப்பந்தத்தில் வேலையும் ஊதியமும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்களின் பொதுவிதி. தெரியாமை சச்சரவை வளர்க்கும் என்பதே காரணம். ஆனால் இஞ்சினைப் பிரிக்காமல் உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று எந்த மெக்கானிக்கால் சொல்ல முடியும்? பிரித்த பிறகோ, உரிமையாளர் பேரம்பேசும் நிலையில் இல்லை. பாகங்கள் ஒரு தட்டில் எண்ணெயோடு கிடக்கின்றன. ‘வேண்டாம், பூட்டிக் கொடுங்கள்’ என்று சொல்லி எடுத்துச் செல்வதில் பயனுமில்லை. ஒருவர் அறிந்தவர், மற்றவர் அறியாதவர். அறியாதவரின் உடைமை அறிந்தவரின் கையில். நேர்மையான தொழிலாளர் இதற்குக் கண்டிருக்கும் வழி எளியது. பிரிப்பதற்கு மட்டும் ஒரு கூலியை முதலில் பேசிக்கொள்வார். பிரித்ததும் உரிமையாளரை வரவழைத்து, பாகங்களைக் கண்முன்னே அளந்துகாட்டி, மற்றதைப் பேசுவார். ஓர் ஒப்பந்தத்தை இரண்டாக்கிவிட்டால் அறியாமையில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. மத்ரஸாவின் பக்கம் ஒதுங்கியிராத அம்மனிதர் ஃபிக்ஹின் நோக்கத்தை எவ்வளவு அழகாக நிறைவேற்றிவிடுகிறார்!

இனி, செலவு ஏன் ஏறுகிறது என்று பார்ப்போம். கைத்திறனின் கூலி ஏறியிருப்பதை நாம் குறைகூற மாட்டோம். இரண்டு மூன்று நாள் வேலையை ஒரே ஆளாய்ச் செய்பவர், புதிய ஸ்கூட்டருக்கு எண்ணெய் மாற்றினால் அந்நேரத்தில் அதைவிட அதிகம் ஈட்டிவிடுவார். அவர் பழைய வண்டியை ஏற்றுக்கொள்வதே ஓர் உபகாரம். வரியும் ஒரு காரணமாயிருந்தது. 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டியில் உதிரிப்பாகங்களில் பெரும்பாலானவற்றுக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகக் குறைந்தது. ஆயினும் உற்பத்தியே இல்லாத பாகத்தின் விலையை வரிக்குறைப்பு எவ்வளவுதான் இறக்கிவிடும்?

மூன்றாவது காரணமே நம்மை உறுத்துவது. கம்பெனியிலிருந்து அன்று வந்த அசல் சிலிண்டரும் கிராங்கும் எங்கேனும் ஒரு பழைய கடையின் பரணில் கிடந்தால், அதை மொத்தமாக வாங்கி, வெளியே விடாமல் வைத்து, விலையேறும் வரை காத்திருப்போர் உண்டு. இதை ‘இஹ்திகார்’, அதாவது பதுக்கல், என்று சொல்லலாமா? நம் கடற்கரைப் பகுதியினர் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபில் பதுக்கல் தடை உணவுப்பொருளைச் சார்ந்தது. இமாம் அபூ ஹனீஃபாவின் மாணவரான அபூ யூஸுஃபோ, எதைத் தடுத்துவைத்தால் மக்களுக்குத் தீங்கு நேருமோ அது எல்லாமே பதுக்கல்தான் என்றார். பிஸ்டன் அரிசியன்று, அதில்லாமல் எவரும் பசியால் மாளப்போவதில்லை. அபூ யூஸுஃபின் அளவுகோலை எடுத்துக்கொண்டாலும், ‘எந்த மக்களுக்குத் தீங்கு?’ என்ற கேள்வி எஞ்சுகிறது.

அதற்கு இரண்டு மனிதர்களை எண்ணிப்பார்க்க வேண்டும். ஒருவர் பரங்கிப்பேட்டைக்காரர்; வளைகுடாவில் பணியாற்றுபவர். வாப்பா ஓட்டிய புல்லட்டை விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சிறுகச் சிறுகச் சீர்செய்கிறார். இன்னொருவர் புவனகிரிப் பக்கத்திலிருந்து சிதம்பரத்திற்குப் பால் கொண்டுவருபவர். பழைய ஆர்எக்ஸ் அவருக்கு அழகுப்பொருளன்று, அன்றாடக் கால். முன்னவரைப் போன்றோர் பெருகப் பெருக, பின்னவர் வாங்க வேண்டிய பாகத்தின் விலை அவர் கைக்கு எட்டாமல் போகிறது. முன்னவர் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. தந்தையின் நினைவைப் பேணுகிறார். அதை இஸ்ராஃப், வீண்செலவு, என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. வீட்டின் கடமைகள் யாவும் நிறைவேறிய பின் மிஞ்சிய பொருளில் ஒரு பகுதியை, ஓடக்கூடிய ஒன்றை ஓடவைப்பதற்குச் செலவிடுதல், ஆண்டுக்கொரு புது வண்டி மாற்றுவதைவிட எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஓட்டவும் எண்ணாமல், விற்கவும் எண்ணாமல், பத்து கிராங்குகளைப் பரணில் அடுக்கி வைத்திருப்பவரின் நிலை வேறு. பால்காரருக்கு நேரும் தீங்கு அவரிடமிருந்துதான் வருகிறது. அவர் செயலை அபூ யூஸுஃபின் சொல்லால் அழைப்பதற்கு நாம் தயங்க மாட்டோம்.

இது நம்மூர்க் கதை மட்டுமன்று. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1963இல் காட்சிக்கு வைத்த 911 என்னும் பந்தயக் குணமுள்ள கார் 1998 வரை காற்றாலேயே குளிர்ந்தது. 1970களில் அதன் இஞ்சின் உறைகள் சில, எடை குறைவதற்காக மக்னீசியத்தால் வார்க்கப்பட்டன. சூட்டில் அவ்வுலோகம் தளர்ந்து, சிலிண்டர் தலையைப் பற்றிய போல்ட்டுகள் மரையோடு பெயர்ந்தன. கார் மலிவாயிருந்த நாளில் அத்தகைய இஞ்சினைச் செப்பனிடுவோர் குறைவு. காரின் விலை ஏறியதும், எவ்வளவு செலவானாலும் செப்பனிடலாம் என்றாயிற்று. அவ்வாறு ஆனதும் செப்பனிடும் விலையும் ஏறிற்று. வண்டியின் மதிப்பு பழுதின் விலையை உயர்த்துகிறது. செப்பனிட்ட வண்டியோ மதிப்பை மேலும் உயர்த்துகிறது. ஸ்டுட்கார்ட்டில் நடப்பதும் சிதம்பரத்தில் நடப்பதும் அளவில்தான் வேறு.

கூலி கொடுத்தபின் இஞ்சின் பாதிவழியில் பிடித்துக்கொண்டால் பொறுப்பு யாருடையது? பலருக்கும் பொதுவாய் வேலைசெய்யும் தொழிலாளியின் கையிலுள்ள பொருள் அமானிதமே, அவருடைய செயலால் கெட்டால் மட்டுமே ஈடு என்றார் அபூ ஹனீஃபா. தவிர்க்க முடியாத பேரிடர் நீங்கலாக மற்ற இழப்புக்கும் ஈடு உண்டு என்றனர் அவருடைய இரு மாணவர்கள்; மக்களின் உடைமை பாதுகாக்கப்பட வேண்டும் என்பது அவர்களது வாதம். போர் செய்த கையின் பிழையால் பிடித்துக்கொண்டால் இரு தரப்பின் கருத்துப்படியும் ஈடு உண்டு. ஆனால் முதல் ஐந்நூறு கிலோமீட்டர் மெல்ல ஓட்டச் சொல்லியும் கேளாமல், சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ஒரே மூச்சில் விரட்டிய பிள்ளையின் தகப்பனார் பட்டறைக்கு வந்து சத்தம்போட்டால், எந்த மத்ஹபிலும் அவருக்கு இடமில்லை.

அத்தகைய சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் முதிய கைவினைஞர்கள் பழைய இஞ்சின்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் அருகில் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்துத் தொழில் பழகும் பையன்களையும் இப்போது காண்பதரிது. பையன்கள் பள்ளிக்குப் போகிறார்கள், அது நல்லதே. ஐடிஐயில் படித்து வெளிவருவோரோ கணினியை இணைத்துப் பழுது கண்டறியும் வண்டிகளை நாடுகிறார்கள். வாப்பாவின் புல்லட்டுக்காக வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புபவர், அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் பழகும் ஓர் இளைஞனின் மாதச் சம்பளத்திற்கென்று ஒதுக்கினால், அடுத்த முறை வண்டியைப் பிரிப்பதற்கு ஆளிருக்கும்.