ஒற்றன் விட்ட குறை

(விழிஞ்ஞத்தில் நிகழ்த்திய அறவுரை)



கடலை நம்பி வாழும் உங்களை ஒரு கேள்வி கேட்டுத் தொடங்குகிறேன். இரவில் விரித்த வலை விடியலில் அறுந்து வருகிறது. அறுத்தவனை ஒருவரும் கண்டதில்லை. ஆயினும் படகு கரை சேருமுன்பே ஒரு பெயர் நம் நாவில் வந்து நிற்கிறது. “குளச்சல்காரன் செய்த வேலை” என்கிறோம். குளச்சல் கரையில் வலை அறுந்தால் அங்கே “விழிஞ்ஞத்தான்” என்கிறார்கள். கப்பலின் விசிறி அறுத்ததா, கடலடிப் பாறை அறுத்ததா என்று ஆராய ஒருவருக்கும் பொறுமையில்லை. ஒரு வலைக்கு நேர்வதே ஒரு தேசத்துக்கும் நேர்கிறது. எல்லை வழக்குள்ள மண்ணில் ஒரு தீங்கு நிகழ்ந்ததும், “அண்டை நாடே ஆளனுப்பிச் செய்தது” என்று அரசு சாற்றுகிறது. அச்சொல்லைக் கேட்கும் குடிமகன் என்ன செய்யவேண்டும்? இன்று நாம் சிந்திக்கவேண்டியது இதுவே.

நாம் நிற்கும் இம்மண்ணும் ஒருகாலத்தில் வழக்கு மண்ணே. ஆய் மன்னரின் துறையாகிய விழிஞ்ஞத்தைப் பாண்டியர் தாக்கினர். சோழரும் படையெடுத்து வந்தனர். கோட்டைக்காக மாண்டவர் எத்தனை பேரோ! இன்று அவ்வரசுகளில் ஒன்றும் இல்லை. பாறையில் குடைந்த சிறு கோயில் மட்டும் இவ்வூரில் நிற்கிறது. அந்த ஆய் குலத்து விக்கிரமாதித்த வரகுணன் திருமூலவாதத்துப் பௌத்தக் கோயிலுக்கு நிலம் ஈந்த செய்தியைப் பாலியம் செப்பேடு கூறுகிறது. பறித்த நிலம் பறிபோயிற்று. ஈந்த நிலத்தின் பேச்சு நின்றது.

அன்பர்களே! அண்டை நாட்டுச் சதி என்பது வெறும் கற்பனை என்று நான் சொல்ல வரவில்லை. பகவான் புத்தரின் காலத்திலேயே அது நடந்தது. மகத மன்னன் அஜாதசத்துரு வஜ்ஜியரின் நாட்டை விழுங்க விரும்பினான். அவர்கள் ஒற்றுமையாய் இருக்குமளவும் வெல்ல இயலாது என்று அறிந்தபின், தன் அமைச்சன் வஸ்ஸகாரனைக் குற்றவாளிபோல் விரட்டியடித்து வைசாலிக்கு அனுப்பினான். புகலிடம் தந்த வைசாலியில் அவன் கோட்டையை இடிக்கவில்லை. கிணற்றில் நஞ்சு கலக்கவில்லை. ஒரு லிச்சவி இளவரசனைத் தனியே அழைத்து, “வயலை உழுகிறார்களா? இரண்டு எருது பூட்டியா?” என்பதுபோல் ஒன்றுமில்லாததைக் கேட்டு அனுப்பிவிடுவான். “என்ன பேசினான்?” என்று மற்றவர் கேட்பர். “உழவைப் பற்றிக் கேட்டான்” என்றால் ஒருவரும் நம்பமாட்டார். மூன்றாண்டு இவ்வாறு கழிந்தது. பிறகு மகதப் படை வந்தபோது வைசாலியில் முரசு அறைந்தார்கள். ஒருவரும் எழுந்து வரவில்லை.

இக்கதையை நான் பன்முறை படித்திருக்கிறேன். ஒற்றன் செய்தது பாதி வேலைதான். மீதியை வைசாலியாரே செய்து கொடுத்தனர். கண்டதை விட்டு, ஐயத்தை நம்பியதே அவர்கள் செய்த பிழை.

இனி நம் தேசத்தின் வரலாற்றுக்கு வருவோம். 1949-ஆம் ஆண்டு முதல் காஷ்மீரின் நடுவே போர்நிறுத்தக் கோடு ஒன்று கிடந்தது. 1965 ஆகஸ்டில் அக்கோட்டைக் கடந்து ஆயுதம் தாங்கியவர் புகுந்து, பாலங்களையும் சாலைகளையும் தகர்க்க முயல்கின்றனர் என்று இந்திய அரசு பாகிஸ்தான்மீது குற்றஞ்சாட்டியது. பாகிஸ்தானோ, “நாங்கள் அறியோம், காஷ்மீர் மக்களே கிளர்ந்தெழுந்தனர்” என்றது. யார் சொல்வது மெய்?

அதை முதலில் மெய்ப்பித்தது படைத்தலைவரோ அமைச்சரோ அல்லர். குல்மார்க் மலைச்சாரலில் கால்நடை மேய்த்த ஓர் இளைஞர், ஆகஸ்டு 5 அன்று அறியாத மனிதர் சிலரைக் கண்டார். அவர்கள் பணம் காட்டி உதவி கேட்டனர். அவர் காவல் நிலையத்துக்குச் சென்று, தாம் கண்டதைக் கண்டபடி சொன்னார். அவர் ஒரு முஸ்லிம். ஒரே சமயத்தார் ஆகையால் மலைமக்கள் தம் பக்கம் சேர்வர் என்று புகுந்தவர்கள் கணக்கிட்டிருந்தனர். அந்தக் கணக்கு பொய்த்தது.

அடுத்து ஐக்கிய நாடுகள் சபையின் பார்வையாளர் சாட்சி சொன்னார்கள். அவர்களின் தலைவர் ஜெனரல் நிம்மோ ஆஸ்திரேலியர். இரு நாட்டுக்கும் அயலவர். அவருடைய அறிக்கைகளை வைத்து, சபையின் பொதுச் செயலாளர் ஊ தாண்ட் 1965 செப்டம்பர் 3 அன்று பாதுகாப்புச் சபைக்குக் கூறினார்: ஆகஸ்டு 5 முதல் நேர்ந்த மீறல்களில் கணிசமான பகுதி, பெரும்பாலும் சீருடையின்றி ஆயுதம் ஏந்தியோர் பாகிஸ்தான் பக்கமிருந்து கோட்டைக் கடந்து வந்ததே என்று. ஊ தாண்ட் பர்மாவில் பிறந்த பௌத்தர். முன்னாளில் பள்ளி ஆசிரியர். அவர் உறுதியானதை மறைக்கவுமில்லை, உறுதியாகாததைக் கூட்டவுமில்லை. அதே மாதம் ராவல்பிண்டிக்கும் டில்லிக்கும் நேரில் சென்று போரை நிறுத்தும்படி மன்றாடினார். குற்றத்தைக் குற்றமென்று சொன்ன நாவே சமாதானத்தையும் வேண்டிற்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று எண்ணுகிறோம். அவர் அவ்வாறு எண்ணவில்லை. செப்டம்பர் 23-ல் பீரங்கிகள் ஓய்ந்தன. அதற்குள் இரு பக்கமும் ஆயிரக்கணக்கான வீடுகள் பிள்ளைகளை இழந்திருந்தன. 1966 ஜனவரி 10 அன்று தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரியும் அயூப் கானும் உடன்பாட்டில் ஒப்பமிட்டார்கள். ஆட்களை அனுப்பியதைப் பிற்காலத்தில் பாகிஸ்தான் தளபதிகள் தாமே எழுதினர்.

அன்பர்களே! கண்டதைக் கண்டபடி சொன்ன அந்த மலைநாட்டு இளைஞரை நினைக்கும்போதெல்லாம் என் தலை குனிகிறது. ஏன் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இருபது வயதில் நான் ஒரு நூற்பாலையில் வேலை செய்தேன். எங்கள் ஊருக்கும் ஆற்றுக்கு அக்கரை ஊருக்கும் வாய்க்கால் தகராறு இருந்தது. இரு ஊராரும் ஒரே மில்லில்தான் வேலை செய்தோம். ஓர் இரவு ஷிப்டில் எந்திரம் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. பேரிங்கு எரிந்து நூலெல்லாம் பாழாயிற்று. “மணல் போட்டது யார்?” என்று மேஸ்திரி கேட்டார். மணல் என்று முடிவு செய்துவிட்டே கேட்டார். மங்கிய விளக்கில் அக்கரைத் தொழிலாளி ஒருவரின் முதுகை மட்டும் நான் கண்டிருந்தேன். “அவர் அங்கே நின்றதைப் பார்த்தேன்” என்றேன். ஊரார் என் முதுகைத் தட்டினர். அவர் வேலை போயிற்று. ஒரு மாதம் கழித்து ஃபிட்டர் எந்திரத்தைப் பிரித்தபோது, எண்ணெய் செல்லும் துளையைப் பஞ்சுத் தூசி அடைத்திருந்தது. மணல் ஒரு பொட்டும் இல்லை. அதை என் கண்ணால் கண்டேன். கண்டும் வாய் திறக்கவில்லை.

இரண்டாண்டு கழித்தே அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் பிழைப்பைத் தேடி வெளியூர் போயிருந்தார். அவர் தாயார் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னேன். அந்த அம்மையார் ஒரு சொல்லும் சொல்லாமல் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் சொன்னதில் சொல்லளவில் பொய் இல்லை. முதுகைக் கண்டது மெய்தான். ஆனால் பொய்யுரையாமை என்னும் நான்காம் சீலம் அந்த இரவில் என்னிடம் உடைந்தது. பிறர் எதை நம்ப விரும்பினரோ, அதற்கேற்ப என் மெய்யை நான் வெட்டிக் கொடுத்தேன்.

இந்த நினைவோடுதான் 2025-ஆம் ஆண்டின் செய்திகளையும் படித்தேன். மார்ச் 11 அன்று பலூசிஸ்தானில் ஒரு ரயிலை ஆயுதக் குழுவினர் மறித்தனர். பாகிஸ்தான் இந்தியாவைச் சாடியது, இந்தியா மறுத்தது. ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காம் அருகே பைசரன் புல்வெளியில் 26 பேரைச் சுட்டுக் கொன்றனர். கொச்சியிலிருந்து சென்றிருந்த ஒருவரும் அதில் மாண்டார். இந்தியா பாகிஸ்தானைச் சாடியது. பாகிஸ்தான் மறுத்து, நடுநிலை விசாரணைக்கு ஒப்புவதாகக் கூறியது. பத்து நாள் கழித்து, மே 2 அன்று, நம் விழிஞ்ஞத்தின் புதிய துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். மே 7 அன்று இந்தியா தாக்கியது. மே 10 அன்று சண்டை நின்றது. எல்லையின் இருபுறமும் ஊர்மக்கள் மாண்டனர். ஜூலை இறுதியில் காஷ்மீரில் மூவரைச் சுட்டு வீழ்த்தியபின், அவர்களின் துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதித்து, பைசரனில் கிடைத்த தோட்டாக் கூடுகளோடு ஒப்பிட்டதாகவும், அவை பொருந்தியதாகவும் உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். குற்றச்சாட்டு இவ்வாறு பொருளைக் காட்டிப் பேசவேண்டும். சினமே சான்று என்று நின்றுவிடலாகாது.

ஆனால் இதையும் கேளுங்கள். பைசரனில் மாண்டவருள் மட்டக்குதிரை ஓட்டும் காஷ்மீர் முஸ்லிம் ஒருவரும் இருந்தார். பயணிகளைக் காக்க முற்பட்டு அவர் உயிர் நீத்தார் என்று அவர் குடும்பத்தார் கூறினர். அதே வாரத்தில், நம் தேசத்தின் பிற நகரங்களில் படிக்கும் காஷ்மீர் மாணவர்களைச் சிலர் மிரட்டினர். அறையை விட்டு விரட்டவும் முயன்றனர். கொலைஞர் புல்வெளியில் தொடங்கியதை மாணவர் விடுதியில் முடித்துவைக்க முன்வந்தவர் யார்? பாகிஸ்தானிலிருந்து வந்தவரா? அல்லர், நம்மவரே. வைசாலியின் கதை அன்று நம் தெருவில் நடந்தது.

தீங்கு செய்த கையைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பது அரசின் கடமை. நாம் காக்கவேண்டியது நம் நாவை. பழிச்சொல் ஒன்று வந்தால், கண்டவர் யார், எதைக் கண்டார் என்று கேளுங்கள். மெய்யென்று தெளிந்தால், அப்பழி செய்தவனோடு நிற்கட்டும். அவன் மொழியையும் சமயத்தையும் ஊரையும் சுட்டவேண்டா. இன்னும் தெளியாததைத் தெளியவில்லை என்று சொல்லத் துணியுங்கள். தம் கூட்டத்தின் நடுவே அவ்வாறு சொல்வது கடினம். இருபது வயதில் என்னால் இயலவில்லை.

நாளை விடியலில் உங்கள் வலை அறுந்து வரலாம். பெயர் நாவில் எழும். அப்போது முதலில் அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள், பிறகு பேசுங்கள்.

சகல ஜீவன்களும் பகையின்றி வாழ்வனவாக.